கிட் காருக்காக எம்எக்ஸ்-5-ஐக் கழற்றுவது: வாசகர் கேள்வி – பதில்

ஒரு பழைய மஸ்தா எம்எக்ஸ்-5-இன் எஞ்சின், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன், வயரிங் எல்லாவற்றையும் எடுத்து, புதிதாக வாங்கிய குழாய்ச் சட்டத்தில் பூட்டி ஓட்டுவது பிரிட்டனில் பலர் வீட்டுக் கராஜிலேயே செய்கிற வேலை. இப்படிக் கட்டும் வண்டிக்குக் கிட் கார் என்றும், உறுப்புகளைக் கொடுக்கும் வண்டிக்கு டோனர் கார் என்றும் பெயர். எம்இவி நிறுவனத்தின் எக்சோசெட் என்ற கிட் இந்த ஒரு வண்டியை நம்பியே வடிவமைக்கப்பட்டது. சென்ற இதழில் அதைப் பற்றி எழுதியதும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கழற்றும் வேலையைப் பற்றியே கேட்கின்றன. நியாயமான கவலை. கட்டும்போது வரும் சிக்கலில் பாதி, கழற்றும்போது காட்டிய அவசரத்தால் வருவது.

பின் சக்கரத்துக்கு முன்னால் ஓட்டை விழுந்து, எம்ஓடி என்கிற வருடாந்தரத் தகுதிச் சோதனையில் தோற்ற எம்எக்ஸ்-5 ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. டோனராக வாங்கலாமா? – ஹாரோ வாசகர்

தாராளமாக வாங்கலாம். அந்த இடம் அரிப்பது இந்த வண்டியின் பரம்பரை நோய். 1998 முதல் 2005 வரை வந்த என்பி மாடலில் முன்பக்கச் சேஸிஸ் ரெயிலும் உள்ளிருந்து அரிக்கும். நீங்கள் பாடியையே கழித்துவிடப் போவதால் இந்த இரண்டும் உங்களுக்கு நஷ்டமில்லை. விலையைக் குறைத்துக் கேட்க உதவும்.

ஆனால் வண்டி ஓடும் நிலையில் இருக்கட்டும். கழற்றிப்போட்ட பிறகு எந்த உறுப்பு நல்லது, எது கெட்டது என்று சொல்ல வழியில்லை. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிப் பாருங்கள். டக் டக் என்ற டாப்பெட் சத்தம் என்ஏ மாடலில் (1989–1997) சகஜம். எஞ்சின் சூடானதும் அடங்கினால் பயப்பட வேண்டாம். இரண்டாவது கியர் குளிரில் கொஞ்சம் கரகரப்பதையும் பொறுத்துக்கொள்ளலாம். போட்ட கியர் தானாக வெளியே குதித்தால் அந்தக் கியர்பாக்ஸ் வேண்டாம். கம்ப்ரெஷன் சோதனை கட்டாயம்: நாலு சிலிண்டர்களுக்கும் இடையே 28 பிஎஸ்ஐக்கு மேல் வித்தியாசம் இருந்தால் எஞ்சினைத் திறக்கும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

1.6 லிட்டர் எஞ்சின் என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 1989 முதல் ஏறக்குறைய 1991 நடுப்பகுதி வரை வந்த எஞ்சின்களில் கிராங்க்ஷாஃப்டின் முன் மூக்கு குட்டை. அங்கே போல்ட் சரியாக இறுகாமல் போனால் கீ எனப்படும் சிறு இரும்புத் துண்டு உட்காரும் காடி தேயும், டைமிங் நகரும், எஞ்சின் இழுவை குறையும், கடைசியில் கிராங்கே வீணாகும். அடையாளம் எளிது. முன் புல்லியின் முகத்தில் நாலு வெட்டு இருந்தால் குட்டை மூக்கு, எட்டு இருந்தால் பிற்காலத்து நீள மூக்கு. நாலு வெட்டு என்பதற்காக வண்டியை ஒதுக்க வேண்டியதில்லை. எஞ்சின் ஓடும்போது புல்லி தள்ளாடுகிறதா என்று பக்கவாட்டில் நின்று பாருங்கள். தள்ளாடினால் விட்டுவிடுங்கள்.

பாடியின் துரு பொருட்டில்லை என்றாலும் சப்ஃபிரேமின் துரு பொருட்டு. சப்ஃபிரேம் என்பது பாடியின் அடியில் இயந்திரத்தைத் தாங்கும் துணைச் சட்டம். முன்னும் பின்னும் உள்ள இரண்டு சப்ஃபிரேம்களும் அப்படியே புதுச் சட்டத்துக்குப் போகின்றன. ஸ்குரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். பொரிந்து உதிர்ந்தால் வேறு வண்டி தேடுவதே மேல்.

எந்த வரிசையில் கழற்றுவது? இரண்டு பேரால் முடியுமா? – லெஸ்டர் வாசகர்

கடைசியில் பாடியைத் தூக்கும் அரை மணி நேரம் தவிர மற்றதை இரண்டு பேரே செய்யலாம். எம்எக்ஸ்-5-இல் ஒரு பெரிய வசதி உண்டு. எஞ்சின் முன் சப்ஃபிரேமில் உட்கார்ந்திருக்கிறது. பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் பின் சப்ஃபிரேமில் இருக்கிறது. கியர்பாக்ஸின் வாலையும் டிஃபரன்ஷியலையும் பிபிஎஃப் என்கிற நீளமான அலுமினியச் சட்டம் இணைக்கிறது. எனவே ஒவ்வொன்றாகப் பிரிக்காமல், பாடியை மட்டும் மேலே தூக்கினால் மொத்த இயந்திரமும் ஒரே தொகுதியாகக் கீழே நிற்கும். புதுச் சட்டத்தையும் அதே போல மேலிருந்து இறக்கிப் பூட்டலாம்.

முதல் வேலை அடிப்பாகத்தைக் கழுவுவது. அழுக்கோடு படுத்துக்கொண்டு வேலை செய்தால் கண்ணில் மண் விழும், போல்ட் தலையில் சாக்கெட் முழுதாக உட்காராது, தலை வழுக்கிவிடும். கழுவிக் காய்ந்ததும் அடியில் உள்ள எல்லா போல்ட்டுகளுக்கும் துரு இளக்கும் எண்ணெய் அடியுங்கள். ஒரு வாரம் தினமும் அடித்தால் இன்னும் நல்லது. பெரும்பாலான வேலைக்கு 10, 12, 14, 17, 19 மி.மீ. சாக்கெட்டுகள் போதும். பிரேக் குழாய் நட்டுகளுக்கு மட்டும் 10 மி.மீ. ஃபிளேர் ஸ்பேனர் தனியாக வேண்டும். சாதாரண ஸ்பேனர் அந்த மெல்லிய நட்டை உருட்டிவிடும்.

அடுத்து பேட்டரி. இந்த வண்டியில் அது டிக்கிக்குள் இருக்கிறது. காற்றுப்பை உள்ள மாடல் என்றால் பேட்டரியைக் கழற்றிச் சிறிது நேரம் காத்திருந்த பிறகே ஸ்டீயரிங் பக்கம் கை வையுங்கள். கழற்றிய காற்றுப்பையை முகப்பு மேலே பார்க்கும்படி வையுங்கள். அதன் மேல் எதையும் அடுக்கக் கூடாது.

பிறகு திரவங்கள். எஞ்சின் ஆயில் மூன்றரை லிட்டருக்குச் சற்று மேல், கூலன்ட் ஏறக்குறைய 6 லிட்டர், ஐந்து கியர் பாக்ஸில் 2 லிட்டர், டிஃபரன்ஷியலில் சிறியதானால் முக்கால் லிட்டருக்கும் குறைவு, பெரியதானால் 1 லிட்டர். டிஃபரன்ஷியலையும் கியர்பாக்ஸையும் வடிக்கும் முன் மேல் திறப்பின் பிளக் கழல்கிறதா என்று பாருங்கள். வடித்த பிறகு அது கழலவில்லை என்று தெரிந்தால் புது ஆயிலை ஊற்ற வழியிருக்காது. ஏசி உள்ள வண்டியில், யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் ஜப்பானில் விற்று இங்கே வந்த எம்எக்ஸ்-5-களில் பெரும்பாலும் உண்டு, குழாயை நீங்களே திறக்காதீர்கள். உரிமம் பெற்றவரைக் கொண்டு வாயுவை எடுக்கச் சொல்லுங்கள்.

இருக்கை, கம்பளம், நடுக் கன்சோல், டேஷ்போர்டு, துணிக்கூரை, கதவுகள், பானெட், டிக்கி மூடி என்று வெளியே எடுக்க எடுக்கப் பாடி இலேசாகும். இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கதவு தோற்றத்தைவிடக் கனமாக இருக்கும், கீலைக் கழற்றும்போது கீழே ஒரு ஆள் தாங்கட்டும்.

நிதானம் வேண்டிய கட்டம் இனிமேல்தான். பாடிக்கும் இயந்திரத்துக்கும் இடையே உள்ள எல்லாத் தொடர்பையும் அறுக்க வேண்டும். பானெட்டின் கீழே ரேடியேட்டரும் அதன் ஹோஸ்களும், ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸ்கள், ஆக்ஸிலரேட்டர் கேபிள், பிரேக் பூஸ்டரின் வெற்றிடக் குழாய், கிளட்ச் குழாய், எரிபொருள் போகும் குழாயும் திரும்பும் குழாயும், ஸ்டீயரிங் ராக்கின் மேலுள்ள இணைப்பு. இணைப்பைக் கழற்றும் முன் தண்டிலும் மூட்டிலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போட்டுவிடுங்கள். உள்ளே கியர் லீவர். அடியில் எக்ஸாஸ்ட், ஹேண்ட்பிரேக் கேபிள், என்ஏ மாடலில் ஸ்பீடோமீட்டர் கேபிள், நாலு மூலையிலும் பிரேக் குழாய். ஒவ்வொரு மூலையிலும் ஷாக் அப்சார்பரின் தலையைப் பிடித்திருக்கும் நட்டுகள். பின்பக்கத்து நட்டுகள் டிக்கியின் உள்உறைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும்.

எல்லோரும் மறப்பது இரண்டு: எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டை, பிபிஎஃப் ஓரமாக கிளிப் போட்டு ஓடும் கியர்பாக்ஸ் வயர்கள். பாடி மேலே எழும்போது இந்த வயர்கள் இழுபட்டு, ரிவர்ஸ் சுவிட்சின் கனெக்டர் பிய்ந்து போவது வாடிக்கை.

தூக்கும் முன் சக்கரங்களைக் கழற்றி, இரண்டு சப்ஃபிரேம்களையும் கனமான மரக்கட்டை மேலோ உருளை வைத்த பலகை மேலோ உட்கார வையுங்கள். ஷாக் அப்சார்பரின் தலையைப் பிடிக்க இனி பாடி இல்லை என்பதால் சக்கரம் எடை தாங்காது, காலை அகட்டிக்கொண்டு படுத்துவிடும். கியர்பாக்ஸின் கீழேயும் ஒரு கட்டை கொடுங்கள். பிறகு சப்ஃபிரேம் போல்ட்டுகளைக் கழற்றி, ஆறு பேரோ இரண்டு கிரேனோ கொண்டு பாடியை நேர் மேலே தூக்குங்கள். முதல் 5 செ.மீ. எழுந்ததும் நிறுத்துங்கள். ஒருவர் டார்ச்சோடு சுற்றி வந்து எங்காவது ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்கட்டும். எங்கும் இழுபடவில்லை என்றால் எஞ்சின் தலையைத் தாண்டும் உயரத்துக்குத் தூக்கி, தொகுதியை முன்னால் தள்ளி வெளியே எடுத்துவிடலாம். தூக்கிய பாடியின் அடியில் யாரும் தலை கொடுக்க வேண்டாம்.

வயரிங்தான் பயமாக இருக்கிறது. தேவையில்லாத வயர்களைக் கழற்றும்போதே வெட்டிவிட்டால் சுமை குறையாதா? – ஈஸ்ட்ஹாம் வாசகர்

வெட்ட வேண்டாம். ஒரு வயரைக்கூட இப்போது வெட்ட வேண்டாம். பாதியில் கைவிடப்பட்டு விற்பனைக்கு வரும் கிட் கார்களைப் பாருங்கள், சேஸிஸ் பளபளவென்று இருக்கும், அட்டைப் பெட்டிக்குள் வெட்டிய வயர் குவியல் கிடக்கும். வேலை அங்கேதான் நின்றிருக்கும்.

காரணம் இது. ஜன்னல் மோட்டார், ரேடியோ, எழுந்து மடியும் முகவிளக்கின் மோட்டார், கதவு விளக்கு எல்லாம் கிட் காருக்குத் தேவையில்லாதவைதான். ஆனால் அவற்றின் எர்த்தும் மின்னூட்டமும் எஞ்சினுக்குத் தேவையான வயர்களோடு ஒரே முடிச்சில் சேர்கின்றன. வெளியே தெரியும் நுனியைப் பார்த்து வெட்டினால், டேப்புக்குள் இருக்கும் முடிச்சும் சேர்ந்து செத்துப்போகும். அப்புறம் எரிபொருள் பம்ப் ஓடாது, ஏன் என்றும் தெரியாது.

சரியான முறையைச் சொல்கிறேன். கழற்றும் முன் வண்டியின் எல்லா மின் வேலைகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்து, எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று எழுதிவையுங்கள். ஏற்கெனவே எரியாத ஒரு விளக்குக்காக ஆறு மாதம் கழித்து வயரிங்கைக் குறை சொல்லாமல் இருக்க அது உதவும். அடுத்து ஒவ்வொரு கனெக்டரையும் பிரிக்கும் முன் போட்டோ எடுங்கள்: எட்ட நின்று ஒன்று, கிட்டே ஒன்று. ஆண், பெண் இரண்டு பாதிக்கும் ஒரே எண்ணை எழுதிக் கட்டுங்கள். காகித மாஸ்கிங் டேப் எண்ணெய் பட்டதும் உரிந்துவிடும். துணிக்கடையில் விலைச்சீட்டு கட்டுவது போல நூல் கோத்த பிளாஸ்டிக் அட்டையில், அழியாத மையால் எழுதுங்கள். ‘12, முன் இடது இண்டிகேட்டர், பச்சைக் கனெக்டர்’ என்று எண்ணோடு பெயரையும் எழுதுங்கள். எண் மட்டும் இருந்தால் நோட்டுப் புத்தகம் தொலைந்த அன்றே எல்லாம் தொலைந்தது.

குளிர்காலத்தில் முப்பது வருடப் பழைய கனெக்டரின் நாக்கு பிஸ்கட்டாய் உடையும். தலைமுடி உலர்த்தும் டிரையரால் சூடாக்கிவிட்டு அழுத்துங்கள். வயரைப் பிடித்து இழுக்காதீர்கள், பிளாஸ்டிக்கைப் பிடித்து இழுங்கள். எஞ்சின் அறைக்கும் உள்ளறைக்கும் நடுவில் உள்ள தகட்டில் ரப்பர் வளையத்தோடு ஹார்னஸ் (வயர்களின் மொத்தக் கட்டு) நுழைகிறது. வளையத்தை முதலில் தகட்டிலிருந்து விடுவித்து, சோப்புத் தண்ணீர் தடவி, கனெக்டர்களை ஒன்றன்பின் ஒன்றாக நுழைத்து எடுங்கள். மொத்தமாக உருவினால் மாட்டிக்கொள்ளும். ஃபியூஸ் பாக்ஸ், ரிலேக்கள், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு எதையும் ஹார்னஸிலிருந்து பிரிக்காமல் சேர்த்தே எடுங்கள்.

எடுத்த ஹார்னஸைத் தரையிலோ ஒட்டுப்பலகையிலோ வண்டியில் இருந்த வடிவத்திலேயே விரித்து வையுங்கள். சுருட்டிப் பெட்டிக்குள் போட்டால் எது முன், எது பின் என்பது போய்விடும். புதுச் சட்டத்தில் எஞ்சினைப் பூட்டி, வெட்டாத ஹார்னஸைக் கிடத்தி, ஒருமுறை கிளப்பிப் பாருங்கள். எஞ்சின் ஓடுவது உறுதியான பிறகு, ஒவ்வொரு தேவையற்ற பாதையாக நுனியிலிருந்து முடிச்சு வரை தொடர்ந்து போய், ஒவ்வொன்றை நீக்கியதும் திரும்பவும் கிளப்பிப் பாருங்கள். ஏதாவது நின்றுபோனால் கடைசியாக எடுத்த வயர்தான் காரணம் என்று உடனே தெரிந்துவிடும்.

இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் கிளம்பவிடாத திருட்டுத் தடுப்பு) உள்ள பிற்கால என்பி மாடலில் சாவி, சாவி போடும் பூட்டு, அதைச் சுற்றிய வளையம், இம்மொபிலைசர் பெட்டி, இசியு எல்லாம் ஒரே குடும்பம். ஒன்றைத் தொலைத்தாலும் எஞ்சின் கிளம்பாது. உதிரிச் சாவியையும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, இது கட்டும்போது வருவது என்றாலும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். மூல வண்டியில் எர்த் எங்கெங்கே பாடியில் திருகப்பட்டிருந்தது என்று தனிப் பட்டியல் எழுதுங்கள். புதுச் சட்டம் பவுடர் பூச்சு பூசி வரும், அந்தப் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. எர்த் போல்ட் உட்காரும் இடத்தில் பூச்சைச் சுரண்டி வெறும் இரும்பைக் காட்டாவிட்டால், ஸ்டார்ட்டர் முனகும், ஒரு இண்டிகேட்டர் போட்டால் எல்லா விளக்கும் சேர்ந்து மினுக்கும்.

பிபிஎஃப்-ஐக் கழற்ற வேண்டுமா? – குரோய்டன் வாசகர்

தொகுதியாக எடுப்பவர் கழற்ற வேண்டியதில்லை. கிளட்ச் மாற்றவோ சப்ஃபிரேமைப் பவுடர் பூசவோ பிரிக்கிறீர்கள் என்றால் கழற்றியே ஆக வேண்டும். அதற்கு முன் கியர்பாக்ஸின் வாலுக்கு ஜாக்கி கொடுங்கள். பிபிஎஃப் போனதும் கியர்பாக்ஸைப் பின்னால் தாங்க வேறு எதுவும் கிடையாது. எஞ்சின் பின்பக்கமாகச் சாய்ந்து, பின்னாலுள்ள சென்சாரோ ஹோஸோ தகட்டில் மோதி நசுங்கும்.

டிஃபரன்ஷியல் பக்கம் இரண்டு நீள போல்ட்டுகள். அவற்றில் ஒன்றோடு வரும் ஸ்பேசர் துருவில் இறுகிக் கிடக்கும். எந்த ஓட்டையில் எந்தப் பக்கமாக இருந்தது என்று போட்டோ எடுங்கள். திரும்பப் பூட்டும்போது 104 முதல் 123 நியூட்டன் மீட்டர் வரை முறுக்கு. இறுக்கும் முன் ஜாக்கியால் கியர்பாக்ஸின் வால் உயரத்தை மூல நிலைக்குக் கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் கெட்டு, வேகத்தில் தொடர்ச்சியான அதிர்வு வரும். கழற்றும் முன்பே பிபிஎஃப்-இன் அடிவிளிம்பிலிருந்து அருகிலுள்ள ஒரு நிலையான இடத்துக்கு அளந்து எழுதிவைத்தால் இந்த வேலை சுலபம்.

சஸ்பென்ஷனின் கீழ்க் கைகளின் நீள போல்ட் அசையவே மாட்டேன் என்கிறது. சூடு காட்டியும் பலனில்லை. – மில்டன் கீன்ஸ் வாசகர்

எம்எக்ஸ்-5 கழற்றுவோர் எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் இது. சக்கரக் கோணத்தை மாற்ற அந்த போல்ட்டில் ஒரு கேம் வட்டு உண்டு. நட்டு கழலும். ஆனால் போல்ட்டின் தண்டு, ரப்பர் புஷ்ஷுக்குள் இருக்கும் இரும்புக் குழலோடு துருவால் ஒட்டிப்போயிருக்கும். நீங்கள் தலையைத் திருப்பும்போது குழலும் சேர்ந்து ரப்பரை முறுக்கிக்கொண்டு சுழலும், விட்டால் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். அதைப் பார்த்தால் இது துரு ஒட்டல்தான் என்று உறுதி செய்துகொள்ளலாம். நீட்டுக் கம்பி போட்டு இன்னும் முறுக்கினால் கேம் வட்டின் விளிம்பு பிடித்திருக்கும் சப்ஃபிரேமின் காது வளையும். அது வளைந்தால் சக்கரக் கோணம் பிறகு நிற்காது.

சுத்தியலால் தண்டின் நுனியில் அடிக்கவும் வேண்டாம், மரை காளான் மாதிரி விரிந்து ஓட்டைக்குள்ளேயே சிக்கும். கேம் வட்டின் நிலையைக் குறித்துக்கொண்டு, புஷ்ஷுக்கும் சப்ஃபிரேம் காதுக்கும் நடுவில் உள்ள மெல்லிய இடைவெளியில் ரெசிப்ரகேட்டிங் ரம்பத்தின் அலகை விட்டு, இரு பக்கமும் அறுத்துவிடுங்கள். போல்ட், கேம், புஷ் மூன்றும் போகும். மூன்றும் புதிதாகக் கிடைப்பவை. சஸ்பென்ஷன் கையும் சப்ஃபிரேமும் பிழைக்கும். சூடு காட்டினால் ரப்பர் எரிந்து புகையும், எரிபொருள் குழாயும் டாங்கும் வண்டியில் இருக்கும்வரை தீயை அருகில் கொண்டுபோகவே கூடாது.

புது ரப்பர் புஷ் போடுபவர்களுக்கு: நட்டுகளைக் கடைசியாக இறுக்குவது வண்டி தன் எடையில் சக்கரத்தின் மேல் நிற்கும்போதுதான். சக்கரம் தொங்கிய நிலையில் இறுக்கினால், வண்டி இறங்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கப்பட்டு நின்று, சீக்கிரமே கிழியும்.

பெட்ரோல் டாங்க் எடுப்பதில் கவனிக்க வேண்டியது? – லூட்டன் வாசகர்

டாங்க் இருக்கைகளுக்குப் பின்னால், பின் அச்சுக்கு மேலே இருக்கிறது. 1.6 வண்டியில் 45 லிட்டர் பிடிக்கும். வாங்கிய வண்டியில் பெட்ரோலைக் குறைவாகவே வைத்திருங்கள். எஞ்சின் ஓடும்போது எரிபொருள் பம்பின் ரிலேயைக் கழற்றினால், குழாயில் தேங்கிய அழுத்தம் தீர்ந்து எஞ்சின் தானாக நிற்கும். அதன் பிறகு குழாயைப் பிரித்தால் முகத்தில் பீய்ச்சாது. வேலை வெட்டவெளியில் நடக்கட்டும். காலியான டாங்க் நிரம்பியதைவிட ஆபத்தானது, உள்ளே இருப்பது பற்றிக்கொள்ளும் ஆவி. அரைக்கும் மெஷின், ரம்பம், வெல்டிங் எல்லாம் டாங்க் வீட்டைவிட்டுத் தள்ளிப் போன பிறகு.

எஞ்சின் எப்படியும் வெளியே வருகிறது. அப்போதே எவற்றை மாற்றிவிட வேண்டும்? – பர்மிங்ஹாம் வாசகர்

டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றும் ஒரே மூச்சில். பெல்ட்டின் ஆயுள் ஏறக்குறைய 1,00,000 கி.மீ. முந்தைய உரிமையாளர் மாற்றியதாகச் சொன்னாலும் ரசீது இல்லாவிட்டால் மாற்றாததாகவே வைத்துக்கொள்ளுங்கள். கிராங்கின் முன்பின் ஆயில் சீல்கள், கிளட்ச் தட்டும் ரிலீஸ் பேரிங்கும், கியர்பாக்ஸ் பக்கவாட்டில் உள்ள கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர். இந்தச் சிலிண்டர் கசிவது இந்த வண்டியில் வழக்கம்.

சிலிண்டர் ஹெட்டின் பின்னால் கேம் ஆங்கிள் சென்சார் இருக்கிறது. அதன் ஓ-ரிங் காய்ந்து எண்ணெய் கசிந்து, நேராகக் கீழே உள்ள ஹீட்டர் ஹோஸில் சொட்டி அந்த ரப்பரை ஊறவைத்து மென்மையாக்கும். ஹோஸ் வெடித்தால் கூலன்ட் போய் ஹெட் வளையும். சில பென்ஸ் ரப்பர் வளையம் செய்கிற வேலை அது. எஞ்சின் வண்டிக்குள் இருக்கும்போது அங்கே கை போவது கடினம், வெளியே இருக்கும்போது ஐந்து நிமிடம். சென்சாரின் நிலையைக் கோடு போட்டுக் குறித்த பிறகே கழற்றுங்கள், அதன் திருப்பத்தில்தான் இக்னிஷன் டைமிங் இருக்கிறது.

1.6-இல் பெரிய டிஃபரன்ஷியல் போட ஆசைப்படுகிறவர்கள், 1.8-இன் டிஃபரன்ஷியலை மட்டும் தனியாக வாங்காதீர்கள். அரை அச்சுகளும் புரொப்பெல்லர் ஷாஃப்டும் சேர்ந்தே வர வேண்டும், பழையவை பொருந்தா.

ஹேண்ட்பிரேக் பிடிக்கவில்லை. பின் பிரேக் காலிப்பரை மாற்றியாக வேண்டுமா? – ஸ்லவ் வாசகர்

முதலில் சரிக்கட்டிப் பாருங்கள். காலிப்பரின் பின்னால் உள்ள 14 மி.மீ. போல்ட்டைக் கழற்றினால் உள்ளே 4 மி.மீ. ஆலன் திருகு இருக்கும். சக்கரம் பிடிக்கும்வரை முறுக்கி, பிறகு சுதந்திரமாகச் சுழலும் அளவுக்குச் சற்றே தளர்த்துங்கள். பேடு மாற்றும்போதும் பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பது இதே திருகுதான். கிளாம்ப் போட்டு நெருக்கினால் உள்ளிருக்கும் பொறி உடையும். ஊர்ந்து நகர வேண்டிய வழிகாட்டி ஊசிகள் இறுகியிருந்தால் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் போடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாற்றலாம்.

ஒரு வண்டியின் எஞ்சினும் இன்னொரு வண்டியின் கியர்பாக்ஸும் மலிவாகக் கிடைக்கின்றன. பதிவில் சிக்கல் வருமா? – கிராலி வாசகர்

வரும். கிட் நிறுவனத்தின் புதுச் சட்டமும், ஒரே டோனரிலிருந்து வந்த இரண்டு பெரிய உறுப்புகளும் இருந்தால், டோனரின் வயதுக்கேற்ற பதிவெண்ணை பிரிட்டனின் வாகனப் பதிவு அமைப்பான டிவிஎல்ஏ தரும். எஞ்சின், கியர் அமைப்பு, அச்சுகள், சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் ஆகியவைதான் பெரிய உறுப்புகள். ஒன்று இங்கிருந்து, ஒன்று அங்கிருந்து என்று சேர்த்தால் கியூ-வில் தொடங்கும் எண் வந்து சேரும். எந்த எண்ணானாலும் அதற்கு முன் ஐவிஏ எனப்படும் தனிவண்டி அங்கீகாரச் சோதனையில் தேற வேண்டும்.

எனவே டோனரின் வி5சி பதிவுச் சான்றிதழ் உங்கள் பெயரில் இருப்பதும் பத்திரமாக இருப்பதும் எஞ்சினைவிட முக்கியம். அதில்லாத வண்டியை டோனராக வாங்காதீர்கள். கழற்றும் முன்பே எஞ்சின் எண், பாடியில் அடித்த சேஸிஸ் எண் இரண்டையும் தெளிவாகப் போட்டோ எடுங்கள், கட்டும் ஒவ்வொரு கட்டத்தையும் எடுங்கள். வண்டி சாலைக்கு வராது என்ற எஸ்ஓஆர்என் அறிவிப்பையும் கொடுத்துவிடுங்கள். விபத்து வண்டி என்றால் அதன் வகையைக் கேளுங்கள். ஏ வகையில் ஒரு உறுப்பையும் எடுக்கக் கூடாது. பி வகையில் உறுப்புகளை எடுக்கலாம், பாடியை நசுக்கியாக வேண்டும். அதன் வி5சியை நம்பிப் பணம் போடும் முன் டிவிஎல்ஏ-விடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். வெற்றுப் பாடியை நசுக்க அனுப்புவதற்கு முன்பும் அப்படியே கேளுங்கள்.

பழைய மாருதியை வைத்துக் கோவையில் இப்படி ஒன்று கட்டிச் சாலையில் ஓட்டலாமா? – கோவை வாசகர்

சாலையில் முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பிரிட்டனின் ஐவிஏ போல வீட்டில் கட்டிய ஒற்றை வண்டியைச் சோதித்து எண் தரும் ஏற்பாடு இங்கே இல்லை. கட்டுவதே ஆசை என்றால் மூடிய தடம் இருக்கிறது. உங்கள் ஊர் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலேயே கல்லூரி மாணவர்கள் தாங்கள் கட்டிய வண்டிகளோடு ஃபார்முலா பாரத் போட்டிக்கு வருகிறார்கள். மேலே சொன்ன ஹார்னஸ், துரு போல்ட் விஷயங்கள் மாருதிக்கும் அப்படியே பொருந்தும்.

கழற்றியதில் மிஞ்சியதை எப்போது விற்கலாம்? – சவுத்தால் வாசகர்

ஹார்ட்டாப், துணிக்கூரை, கதவு, பானெட், டிக்கி மூடி, ஹீட்டர், ஜன்னல் மோட்டார் இவற்றைக் கழற்றிய வாரமே விற்றுவிடலாம். ஹார்ட்டாப்புக்கு எப்போதும் ஆள் உண்டு. இருக்கைகளைக் கிட்டில் உட்கார்த்திப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

சின்னச் சின்னத் தாங்கிகள், கிளிப்புகள், வாஷர் பாட்டில், ஹாரன், பெடல் தொகுதி, கண்ணாடிகள், பெல்ட்டுகள் இவற்றைப் பதிவெண் கைக்கு வரும்வரை விற்காதீர்கள். முக்கியமாக ஸ்டீயரிங் தண்டுத் தொகுதி. அதன் சாவிப் பூட்டு ஐவிஏ கேட்கும் திருட்டுத் தடுப்பாகவும் உதவும். விற்றுவிட்டுத் திரும்ப வாங்கினால் வேறு சாவி, வேறு வயர், நிறைய அலைச்சல். போல்ட்டுகளை எந்த உறுப்பைப் பிடித்ததோ அந்த ஓட்டையிலேயே இரண்டு சுற்றுத் திருகி விட்டுவையுங்கள். அப்படி முடியாதவற்றைச் ஜிப் வைத்த பையில் போட்டு, பைக்கு மேல் எழுதாமல் உள்ளே ஒரு அட்டையில் எழுதிப் போடுங்கள். பெட்ரோல் கை பட்டால் பைக்கு மேல் எழுதியது அழிந்துவிடும்.